கணக்கில் வராத சிறுவாடு

கல்யாணப் பத்திரிகை அடித்து விற்றுப் பிழைக்கிற மனிதனுக்கே விவாகரத்து என்றால் ஊர் சும்மா இருக்குமா? பினாங்கு ஸ்ட்ரீட்டில் நாச்சியப்பனின் கடையைத் தாண்டிப் போகிறவர்களில் பாதிப் பேர் அந்தக் கிண்டலைச் சொல்லிவிட்டுத்தான் போனார்கள். அவன் மனைவி விசாலத்தின் காதுக்கும் அது வந்தது. வந்தால் வரட்டும் என்று விட்டுவிட்டாள். அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான், ஜெலுத்தோங்கில் ஏழாவது மாடியில் இருக்கிற அந்த வீடு. வீட்டுக் கடனில் முக்கால்வாசி அவள் சம்பளத்தில் போனது. மகள் உமா கம்பாரில் படிக்கிறாள், லீவுக்கு வந்தால் அவளுக்கு ஓர் அறை வேண்டும். வீடு கையில் நின்றால் போதும், மற்றதையெல்லாம் அந்த மனுஷனே கட்டிக்கொண்டு போகட்டும் என்ற முடிவில் இருந்தாள்.

ஆளுக்கொரு வக்கீல் வைத்து அடித்துக்கொள்ள இருவருக்குமே தெம்பு இல்லை. லெபோ பிஷப்பில் ஒரு கண்ணாடிக் கடைக்கு மேலே ஷஹீதாவின் ஆபீஸ். வக்கீல்தான், ஆனால் கட்சி கட்டாமல் நடுவில் உட்கார்ந்து பேசி முடித்துக் கொடுக்கிறவள். வயது முப்பத்தைந்துக்கு மேல் இருக்காது. குரலை உயர்த்த மாட்டாள். ஆனால் கேட்ட கேள்விக்குப் பதில் வருகிறவரை அடுத்த கேள்விக்குப் போகவும் மாட்டாள்.

"அண்ணே, அக்கா, நான் கேக்குறது ஒண்ணுதான்," என்றாள் முதல் நாளே. "உங்ககிட்ட என்னென்ன இருக்கோ, என்னென்ன கடன் இருக்கோ, எல்லாத்தையும் இந்த மேசையில வைங்க. ஒருத்தரோடத ஒருத்தர் பாருங்க, கேளுங்க. பின்னால கோர்ட்டுக்குச் சத்தியம் பண்ணிக் குடுக்கப் போறோம். இப்ப ஒளிச்சு வச்சு அப்புறம் தெரிஞ்சா, பேசுனதெல்லாம் வீணாப் போயிடும்லா."

நாச்சியப்பனுக்கு இது பாகற்காய்ச் சாறு குடிப்பது மாதிரி. அவன் வீட்டில் அப்பா காலத்திலிருந்தே ஒரு சட்டம், கடைக் கணக்கு வீட்டுப் படி ஏறக்கூடாது. வட்டிக்குக் கொடுத்து வாங்கிய பரம்பரை, சென் காசுக்கும் கணக்கு வைத்திருப்பார்கள், ஆனால் கட்டின பெண்டாட்டிக்கு ஒரு வரி சொல்ல மாட்டார்கள். விசாலம் பட்டர்வொர்த்தில் ஓர் இரும்புச் சாமான் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவள். ஊரான் வரவு செலவெல்லாம் அவள் விரல் நுனியில். சொந்தப் புருஷனின் கடை லாபமா நஷ்டமா என்று மட்டும் தெரியாது. கேட்டால், "பாத்துக்கலாம்," என்பான். வாடகை ஏறினாலும் பாத்துக்கலாம், மெஷின் பழுதானாலும் பாத்துக்கலாம். அந்த ஒரு வார்த்தையைக் கேட்டுக் கேட்டு அவளுக்கு வயிறு எரிந்திருக்கிறது.

விசாலம் தன் பங்கைச் சட்டென்று சொல்லி முடித்தாள். சம்பளம், இபிஎஃப், கழுத்திலும் கையிலும் கிடக்கிற நகை, பழைய மைவி கார்.

"அவ்வளவுதானாக்கா?"

"அவ்வளவுதான்."

பொய் சொல்கிறோம் என்கிற உறுத்தல் அவளுக்குத் துளிகூட இல்லை. சிறுவாட்டைச் சொத்து என்று எந்தப் பெண்ணாவது சொல்லியிருக்கிறாளா? தீபாவளிக்குத் தீபாவளி மணகோலமும் சீப்புச் சீடையும் மாவுருண்டையும் சுட்டு, ஆர்டருக்கு விற்று, சாமான் செலவு போகச் சேர்த்த காசு அது. இருபது வருஷத்துக் காசு. அதை வீட்டில் வைத்தால் புருஷன் கண்ணில் படும், பேங்கில் போட்டால் ஸ்டேட்மெண்ட் வந்து காட்டிக் கொடுக்கும். அதனால் அதை நாத்தனார் தேன்மொழியிடம் கொடுத்து வைப்பாள். இது இரண்டு பெண்களுக்கும் இடையில் இருந்த ஏற்பாடு. விசாலத்தின் காசு பாலிக் புலாவில் தேன்மொழி வீட்டில். தேன்மொழியின் கல்யாண வளையல்கள் ஜெலுத்தோங்கில் விசாலத்தின் அலமாரியில். தேன்மொழி புருஷன் முத்தையாவுக்குக் கண்ட கண்ட திட்டத்திலெல்லாம் பணம் போடுகிற கிறுக்கு. நகையைக் கண்டால் அடகுக் கடைக்குக் கொண்டுபோய்விடுவான். அதனால் அவளும் தன்னுடையதை இங்கே தள்ளிவிட்டாள். தங்கச்சி வீட்டில் போய் அண்ணன் தேடுவானா, மைத்துனன் வீட்டில் வந்து முத்தையா தேடுவானா? இதைவிடப் பத்திரமான பேங்க் பினாங்கிலேயே கிடையாது என்று இரண்டு பேரும் சொல்லிச் சிரித்திருக்கிறார்கள்.

நாச்சியப்பன் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தான். கடை வரவு, சரக்கு, மெஷின், பேங்க் கடன். ஒவ்வொன்றுக்கும் ரசீதை எடுத்து வைத்தான். முகம் சிவந்துபோய் இருந்தது. ஊர் நடுவில் சட்டையைக் கழற்றி நிற்கிறவன் மாதிரி உட்கார்ந்திருந்தான். விசாலத்துக்குப் பாவமாகக்கூட இருந்தது.

"அப்புறம் இன்னொரு கடன்," என்றான். "கொரோனா எம்சிஓ நேரத்துல வாங்குனது. ஊரே பூட்டிக் கெடந்துச்சு, கல்யாணமே நடக்கல, பத்திரிகை யாரு அடிப்பா? கடைய மூடிடுற மாதிரி ஆயிடுச்சு. அப்ப என் தங்கச்சி குடுத்தது. முப்பத்தெட்டாயிரம் வெள்ளி. இன்னும் ஒரு சென் திருப்பிக் குடுக்கல."

இந்தப் பேச்சு விசாலத்துக்குப் புதிதில்லை. தங்கச்சி கொடுத்தாள், தங்கச்சி கொடுத்தாள் என்று நாலு வருஷமாகக் குத்திக் காட்டியிருக்கிறான். கூடப் பிறந்தவள் மடியை அவிழ்த்தாள், கட்டினவள் கையை விரித்தாள் என்று உமா காது கேட்கவே சொல்லியிருக்கிறான். அங்கேதான் அவர்கள் குடும்பம் உடைந்தது. அதற்கப்புறம் சோறு போட்டாள், தின்றான், பேச்சு இல்லை. போன வருஷம் கடைக்கு மேல்மாடிக்கே படுக்கையைக் கொண்டுபோய்விட்டான். ஆனால் எவ்வளவு கொடுத்தாள், எதை விற்றுக் கொடுத்தாள் என்று மட்டும் அவன் வாயைத் திறந்து சொன்னதே இல்லை. அவளும் கேட்கவில்லை.

"எழுத்துல ஏதாச்சும் இருக்காண்ணே?" என்றாள் ஷஹீதா.

"தங்கச்சிகிட்ட என்னா எழுத்து? எங்கம்மா அவளுக்குக் கல்யாணத்துக்குப் போட்ட கெம்புக்கல் வளையல் ரெண்டையும் வித்துட்டு, வீட்டுல இருந்தத எல்லாம் தொடச்சிப் போட்டுக் குடுத்தா. அண்ணே, கடைய மட்டும் மூடிடாதீங்கன்னு அழுதா." அவன் குரல் லேசாகப் பிசிறியது. "அந்தக் கடன நான் அடைச்சே ஆகணும். அதுக்கு எனக்கு வேற வழி இல்ல. வீட்ட வித்துடலாம். வர்ற காசுல முதல்ல தங்கச்சி கடன், மிச்சத்த ரெண்டாப் பிரிச்சிக்கலாம்."

விசாலத்துக்கு வீட்டை விற்கிற பேச்சு காதில் விழுந்தது. ஆனால் அதற்கு முந்தின வாக்கியத்திலேயே அவள் நின்றுவிட்டாள். எந்த வளையல்? கெம்புக்கல் வளையல் இரண்டும் அவள் அலமாரியில், கல்யாணப் புடவைக்கு அடியில், மஞ்சள் துணியில் சுற்றிக் கிடக்கிறது. போன வாரம்கூடப் புடவையை வெயிலில் போடும்போது கையில் எடுத்தாள்.

"அக்கா, நீங்க ஏதாச்சும் கேக்கணுமா?" என்றாள் ஷஹீதா.

"இல்ல," என்றாள் விசாலம். "யோசிச்சு வர்றேன்."

வீட்டுக்கு வந்ததும் கைப்பையைக்கூட வைக்காமல் அலமாரியைத் திறந்தாள். இரண்டு வளையலும் இருந்தன, ஒரு கல்லும் உதிரவில்லை. கட்டிலில் உட்கார்ந்து, கணக்கு எழுதுகிறவள் புத்தியோடு நினைத்துப் பார்த்தாள். போன தீபாவளிக்கு முன்னால் தேன்மொழியிடம் கேட்டபோது, எல்லாம் பத்திரமா இருக்கு அண்ணி என்றாள். எம்சிஓ வருகிறபோது அவளிடம் சேர்ந்திருந்த காசு எவ்வளவு? முப்பத்தெட்டாயிரத்துச் சொச்சம். சொச்சத்தை மட்டும் விட்டுவிட்டாளாக்கும், மகராசி.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மைவியை எடுத்துக்கொண்டு மலைப்பாதையில் பாலிக் புலாவுக்குப் போனாள். வளைவுக்கு வளைவு டுரியான் பழம் விற்கிறவர்களின் வண்டிகள் நின்றன, ஹார்ன் அடித்து அடித்துப் போக வேண்டியிருந்தது. முத்தையா கோயில் கூட்டத்துக்குப் போயிருந்தான். தேன்மொழி ஜாதிக்காய்த் தண்ணியில் ஐஸ் போட்டுக் கொண்டுவந்து வைத்தாள். விசாலம் அதைத் தொடவில்லை.

"என் காசு எங்க தேனு?"

தேன்மொழி உட்கார்ந்துவிட்டாள். மறைக்கிற சக்தி அவளுக்கு எப்போதுமே கிடையாது.

"அண்ணன் வந்து இந்தச் சோபாவுலதான் அண்ணி உக்காந்தாரு. ஆம்பள அழுது நான் பாத்ததில்ல. என்கிட்ட என்னா இருக்கு? இருந்தத எல்லாம் அந்த மனுஷன் தொலைச்சிட்டாரு. உங்க காசு மட்டும்தான் இருந்துச்சு. நான் நினைச்சேன், உங்க காசு உங்க வீட்டுக்காரருக்குத்தானே போவுது, வேற எங்க போவுது..."

"என்னைக் கேட்டியா?"

"கேட்டா நீங்க குடுப்பீங்கன்னுதான் நினைச்சேன். அன்னிக்கு ராத்திரியே போன் பண்ணிச் சொல்லணும்னு இருந்தேன். அதுக்குள்ள அண்ணன் சொல்லுறாரு, உங்கண்ணிகிட்ட கேட்டேன், கைய விரிச்சிட்டா, நீ ஒருத்திதான் எனக்குன்னு. அதுக்கப்புறம் நான் எப்படிச் சொல்றது? காசு ஏதுன்னு கேட்டாரு. வளையல வித்தேன்னு வாயில வந்துடுச்சு."

அங்கேதான் விசாலத்துக்குக் கோபம் சறுக்கியது. ஏனென்றால் அது உண்மை. அவன் அவளிடம்தான் முதலில் வந்தான். சாப்பாட்டு மேசையில், தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, உன்கிட்ட ஏதாச்சும் இருக்கா விசாலம் என்று கேட்டான். எவ்வளவு வேணும் என்றாள். நெறைய என்றான். நெறையன்னா எவ்வளவு என்றாள். அதெல்லாம் உனக்கெதுக்கு, இருக்கா இல்லையா சொல்லு என்றான். அவளுக்குச் சுருக்கென்றது. அடி தெரியாத ஓட்டைப் பானையில் இருபது வருஷத்து அடுப்புச் சூட்டைக் கொட்டச் சொல்கிறானே என்று இருந்தது. என்கிட்ட என்னா இருக்கு, ஒண்ணும் இல்ல என்று சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். அவன் அரை நிமிஷம் அங்கேயே நின்றதும், பிறகு செருப்பு மாட்டுகிற சத்தமும் அவளுக்கு இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது.

"அண்ணி, நான் ஒரு வழி சொல்றேன்," என்றாள் தேன்மொழி. கண்ணைத் துடைத்துக்கொண்டு கிட்டே வந்து உட்கார்ந்தாள். "அந்தக் கடன் எனக்கு வேணாம், விட்டுட்டேன்னு அண்ணன்கிட்ட சொல்லிடுறேன். கடனே இல்லன்னா வீட்ட எதுக்கு விக்கணும்? வீடு உங்களுக்கு வந்துடும். நீங்களும் சொல்ல வேணாம், நானும் சொல்ல வேணாம். எனக்கு இருக்கிறது ஒரே அண்ணன். பொய் சொன்னேன்னு தெரிஞ்சா இந்தப் படி ஏற மாட்டாரு."

விசாலம் கார் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தாள். ஆனால் மலை இறங்குகிறபோது அந்த யோசனை நன்றாகத்தான் இருந்தது. யாருக்கு நஷ்டம்? காசு போனது போனதுதான். வீடு நிற்கும். நாத்தனார் மானம் நிற்கும். தன் பொய்யும் கிடந்த இடத்திலேயே கிடக்கும். ஆயர் ஈத்தாம் வந்து சேர்வதற்குள் அப்படியே செய்துவிடலாம் என்று தீர்மானித்துவிட்டாள்.

ஆனால் வீட்டுக்கு வந்து அலமாரியை மூடும்போது ஏனோ வளையலை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். நாத்தனாரிடம் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், இனி இந்தச் சங்காத்தமே வேண்டாம் என்று தனக்குத்தானே காரணம் சொல்லிக்கொண்டாள்.

இரண்டு வாரம் கழித்து மறுபடியும் ஷஹீதாவின் மாடி. நாச்சியப்பன் அன்றைக்குச் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தான். கீழே கண்ணாடிக் கடையில் வாங்கினானோ என்னவோ, புது மூக்குக் கண்ணாடி. உட்கார்ந்ததும் அவனே ஆரம்பித்தான்.

"போன தடவ ஒண்ணு விட்டுட்டேன்மா. அமானா சகாம் சேமிப்புல ஒரு கணக்கு இருக்கு. பதினோராயிரம். எங்கப்பா போனப்ப வந்த காசு. யாருக்கும் தெரியாது." விசாலத்தின் பக்கம் திரும்பாமல் சொன்னான். "இவளுக்கும் தெரியாது. தேடுனாலும் கெடைக்காது. ஆனா எல்லாம் வைக்கணும்னு நீங்க சொன்னீங்க. மாடியில போய்ப் படுத்தா தூக்கம் வரல."

ஷஹீதா தலையை ஆட்டிக்கொண்டு அதையும் சேர்த்துக்கொண்டாள். விசாலத்துக்கு முகத்தில் யாரோ தண்ணீரை விசிறின மாதிரி இருந்தது. இந்த மனுஷனைத்தான் அவள் அழுத்தக்காரன், கல்லுளிமங்கன் என்று இருபத்து மூன்று வருஷம் திட்டினாள். அவன் இன்றைக்குத் தானாக வந்து, யாரும் கண்டுபிடிக்க முடியாத காசை மேசையில் வைக்கிறான். அவள் என்ன வைத்தாள்? பழைய மைவியை.

"அந்தத் தங்கச்சி கடன்..." என்றாள் ஷஹீதா.

"அதச் சொல்ல வந்தேன். தேனு போன் பண்ணா. கடன் வேணாம், விட்டுட்டேன்னு சொல்லுறா." நாச்சியப்பன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினான். "நான் ஒத்துக்கல. அவ புருஷன் குணம் எனக்குத் தெரியும். அவளுக்குன்னு இருந்தது அந்த வளையல் ஒண்ணுதான். அத வித்து எனக்குக் குடுத்துட்டு, இப்ப என் குடும்பம் போவுதேன்னு கடனையும் விடுறா. அத வாங்கிக்கிட்டு நான் சும்மா இருந்தா நான் மனுஷனா? வீட்ட விக்கணும்மா. நான் முடிவு பண்ணிட்டேன்."

"அக்கா, நீங்க என்ன சொல்றீங்க?"

விசாலம் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தேன்மொழி சொன்ன வழி அடைபட்டுவிட்டது. வாயைத் திறக்காவிட்டால் வீடு போகும். அதுவும் எதற்கு? இல்லாத ஒரு கடனுக்கு. வாயைத் திறந்தால், உன்னிடம் இருக்கா என்று கேட்ட மனுஷனிடம் இல்லை என்று சொன்னது வெளியே வரும். நாலு வருஷமாக அவன் குத்தினபோதெல்லாம், இருந்தா குடுத்திருக்க மாட்டேனா என்று பதிலுக்குப் பாய்ந்திருக்கிறாள். அதுவும் சேர்ந்து வரும். வெட்கம் அவளைப் பிடுங்கித் தின்றது. ஆனால் அந்தப் பதினோராயிரம் கண் முன்னால் உட்கார்ந்திருந்தது.

கைப்பையைத் திறந்து, மஞ்சள் துணியை எடுத்து மேசையில் அவிழ்த்தாள்.

நாச்சியப்பனுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவன் அம்மா போட்ட வளையல். ஒன்றை எடுத்துத் திருப்பினான், உள்பக்கம் தடவினான்.

"இது எப்படி உன்கிட்ட?"

"ரொம்ப வருஷமா என் அலமாரியிலதான் இருக்கு. முத்தையா கைக்குப் போயிடக் கூடாதுன்னு தேனு குடுத்து வச்சா. அவ விக்கல."

"அப்ப காசு?"

"என் காசு. பலகாரம் சுட்டுச் சேர்த்த சிறுவாடு. அவகிட்டதான் குடுத்து வச்சிருந்தேன்."

நாச்சியப்பன் வளையலைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பார்த்தான். இத்தனை மாதத்தில் முதல் தடவையாக நேராகப் பார்த்தான். அவன் முகம் மெல்ல மெல்ல இளகுவதை விசாலம் கண்டாள். கல்யாணமான புதிதில் பார்த்த முகம் அது.

"அப்ப நீயா குடுத்த?" என்றான். "தேனு கையால குடுத்து அனுப்புனியா? நான் வாங்க மாட்டேன்னு நினைச்சு... கடைய நீதான் காப்பாத்துனியா விசாலம்?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். தேன்மொழி மறுக்க மாட்டாள், சந்தோஷமாக ஆமாம் போடுவாள். நாலு வருஷத்துப் பழி ஒரே நிமிஷத்தில் கழுவப்படும். யார் கண்டது, கட்டிய படுக்கையைத் திரும்பத் தூக்கிக்கொண்டு அவன் ஜெலுத்தோங்குக்கே வந்தாலும் வருவான். ஷஹீதாகூடப் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவள் வாயையே பார்த்தாள். விசாலத்துக்கு ஆசை இல்லாமல் இல்லை.

"இல்ல," என்றாள். "நான் குடுக்கல. என்னைக் கேக்காம தேனு எடுத்துக் குடுத்துட்டா. எனக்கே ரெண்டு வாரத்துக்கு முன்னாலதான் தெரியும்."

அவன் மூக்குக் கண்ணாடியை எடுத்துத் திரும்ப மாட்டிக்கொண்டான்.

"நீங்க வந்து கேட்டீங்க. என்கிட்ட இருந்துச்சு. இல்லன்னு சொன்னேன்." அவள் ஷஹீதாவின் பக்கம் திரும்பினாள். "எல்லாத்தையும் மேசையில வைக்கச் சொன்னீங்க. இதுதான் நான் வைக்காதது."

"ஏன்?" என்றான் நாச்சியப்பன். கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாதவன் மாதிரி கேட்டான்.

"எவ்வளவுன்னு கேட்டேன். உனக்கெதுக்குன்னீங்க. எனக்குப் பயமா இருந்துச்சு. கடை எவ்வளவு ஆழத்துல கெடக்குன்னு ஒரு நாளாச்சும் சொல்லியிருக்கீங்களா? எல்லாத்தையும் போட்டும் முழுகிப் போயிட்டா உமாவுக்கு என்னா பண்றது? அதுக்காக நான் பொய் சொன்னது சரின்னு சொல்ல வரல. சொல்லிட்டேன், அவ்வளவுதான்."

தேன்மொழியின் பொய் நாச்சியப்பனைச் சுட்டதா, பெண்டாட்டியின் பொய் சுட்டதா, இல்லை அந்த 'உனக்கெதுக்கு' சுட்டதா, யாருக்குத் தெரியும். கடைசியில் தன் கடன் பட்டியல் இருந்த தாளை இழுத்து, தங்கச்சி பேரை அடித்துவிட்டு, பக்கத்தில் விசாலம் என்று எழுதி ஷஹீதாவின் பக்கம் தள்ளினான்.

"அப்படி எழுதக் கூடாதுண்ணே," என்றாள் ஷஹீதா மெதுவாக. "குடும்பம் நடத்துறப்ப சேர்த்த காசு. எனக்குத் தெரிஞ்சு அதுவும் ரெண்டு பேரோடதுதான். பாதி அக்காவுக்கு, பாதி உங்களுக்கு. நீங்க அக்காவுக்குத் தர வேண்டியது பாதிதான். அத வீட்டுல உங்க பங்குலேர்ந்து கழிச்சிக்கலாம். அக்கா மிச்சக் கடனக் கட்டட்டும், வீடு அக்கா பேருக்கே இருக்கட்டும். கடை உங்களோடது. ரெண்டு பேருக்கும் சம்மதமா?"

இரண்டு பேரும் தலையை ஆட்டினார்கள். வீடு நின்றுவிட்டது. இதற்காகத்தான் இத்தனை நாள் தவித்தாள், ஆனால் கையில் வந்தபோது சந்தோஷம் என்று சொல்லும்படி ஒன்றும் வரவில்லை. ஷஹீதா எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு வர உள்ளே போனாள்.

மேசையில் வளையல் இரண்டும் கிடந்தன. நாச்சியப்பன் மஞ்சள் துணியை இழுத்து அவற்றைத் திரும்பச் சுற்றினான். அம்மா சுற்றுகிற மாதிரியே நாலு முனையையும் மடித்து முடிச்சுப் போட்டான்.

"நானே கொண்டுபோய்த் தேனுகிட்ட குடுத்துடுறேன்," என்றான்.

"திட்டாதீங்க. உங்களுக்காகத்தான் பண்ணா."

"தெரியும்." முடிச்சை இன்னொரு தரம் இறுக்கினான். "அன்னிக்கு நான் எவ்வளவுன்னு சொல்லியிருந்தா, குடுத்திருப்பியா?"

விசாலம் யோசித்தாள். சும்மா ஆறுதலுக்கு ஒரு பதில் சொல்ல இன்றைக்கு அவளுக்கு மனம் வரவில்லை.

"முழுசா குடுத்திருக்க மாட்டேன். பாதி குடுத்திருப்பேன்."

நாச்சியப்பன் தலையைக் குனிந்துகொண்டான். சிரித்தானா என்று அவளுக்குச் சரியாகத் தெரியவில்லை.

"அன்னிக்கு எனக்கு வேண்டியிருந்ததே பாதிதான்," என்றான். "தேனுதான் இருந்தத எல்லாம் தூக்கிக் குடுத்துட்டா."

உள்ளே பிரிண்டர் ஓடுகிற சத்தம் கேட்டது. ஷஹீதா தாள்களோடு திரும்பி வந்து, எங்கெங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று இரண்டு பேருக்கும் காட்டினாள். நாச்சியப்பன் முதலில் போட்டான். பிறகு பேனாவை அவள் பக்கம் நீட்டினான், விசாலம் வாங்கிக்கொண்டாள்.